தூக்குவாளி கிழியுமா? எக்செல்லில் பாருங்கள்

தர்மபுரி கடைவீதியில் தொங்கும் எவர்சில்வர் தூக்குவாளியின் உடம்பில் ஒட்டு இருக்காது. வட்டமாக வெட்டிய தகட்டை பிரஸ் மெஷின் அச்சுக்குள் அமுக்கி இழுத்து வாளியாக்கிவிடும். இதுதான் டீப் டிராயிங். அளவு மீறினால் அடி ஓரத்தில் கிழியும். தகட்டுக் காசு போச்சு. தகட்டை வெட்டும் முன் எக்செல்லில் கணக்குப் பார்த்துவிடலாம்.

ஏ1 செல்லில் விட்டம் 10, பி1-இல் உயரம் 10 என்று சென்டிமீட்டரில் டைப் செய்யவும். சி1-இல் =(ஏ1^2+4*ஏ1*பி1)^0.5 என்ற ஃபார்முலாவை ஆங்கில எழுத்தில் அடித்து என்டர் தட்டினால் 22.36 சொச்சம் வரும். வெட்ட வேண்டிய வட்டத்தின் விட்டம் இது. ஓரம் சீவுவதற்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். டி1-இல் =சி1/ஏ1 கொடுத்தால் 2.24. இந்த விகிதம் 2-ஐத் தாண்டினால் பொதுவாக ஒரே இழுப்பில் வராது. பி1-ஐ 7 என்று மாற்றுங்கள், 1.95 ஆகிறது. வரலாம்.

'வரலாம்' என்றுதான் சொல்ல முடியும். தகடு எப்படித் தயாரானது என்பது எக்செல்லுக்குத் தெரியாதே! பக்கத்திலுள்ள சேலம் உருக்காலையில் எவர்சில்வர் தகட்டைச் சூடாக்காமலே ரோலர்களுக்கிடையே கொடுத்து மெலிதாக்குகிறார்கள். அப்படி நசுங்கிய தகடு விறைத்துவிடும், இழுத்தால் நீளாது. பிறகு உலையில் சூடாக்கினால்தான் இளகும். இதற்கு அனீலிங் என்று பெயர். அதே உலோகம், அதே தடிமன்தான். ஆனால் அனீலிங் ஆகாத தகடு 1.95-க்கு முன்பே கிழிந்துவிடும். அச்சில் எண்ணெய் குறைந்தாலும், தகட்டின் ஓரத்தைப் பிடிக்கும் வளையத்தை அதிகம் இறுக்கினாலும் இதே கதிதான். வளையம் தளர்ந்தாலோ ஓரமெல்லாம் சுருக்கம்.

10 செ.மீ. உயரமே வேண்டுமா? இரண்டு இழுப்பாகப் பிரியுங்கள். முதலில் விட்டம் 12.5, அடுத்து 10. முதல் இழுப்பிலேயே தகடு மறுபடி விறைத்துவிடுவதால் இரண்டாவது விகிதத்தை 1.3-க்குள் வைக்க வேண்டும். நமக்கு 1.25 வருகிறது. அதற்கும் மேல் இழுக்க வேண்டுமென்றால் நடுவில் இன்னொரு முறை உலைக்கு அனுப்புங்கள்.