தேவாரம் காட்டும் காலம்

திருக்கோயில்களில் சாயரட்சை வழிபாட்டின் நிறைவில் ஓதுவார் திருமுறை விண்ணப்பிக்கும்பொழுது, கேட்கும் அன்பர்கள் கைகூப்பி நிற்பர். பொருள் உணர்ந்து உருகுவோரும் உளர். ஆயின் அப்பாடல்கள் எந்நாளில், எத்தகைய மக்களிடையே, எவ்வகை இடர்களுக்கு நடுவே எழுந்தன என்பதை எண்ணுவோர் சிலரே. தேவாரம் இறைவனைப் பாடும் நூல் என்பதில் ஐயமில்லை. அஃது ஏழு, எட்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தின் அச்சத்தையும் பசியையும் தெரு விழாவையும் தன்னுள் பொதிந்து வைத்துள்ள நூலுமாகும். கல்வெட்டு அரசர் வாய்மொழியைக் கூறும்; தேவாரமோ அக்காலத்து மக்கள் மூச்சினைக் கூறும்.

காலத்தை முதற்கண் தெளிவு செய்துகொள்ளுதல் நலம். திருச்செங்காட்டங்குடிப் பதிகத்தில் திருஞானசம்பந்தப் பெருமான் சிறுத்தொண்டரைப் பெயர் சுட்டிப் பாடியுள்ளார். அச்சிறுத்தொண்டரே பரஞ்சோதியார் என்ற பெயரில் பல்லவர் படைத்தலைவராய் வாதாவி நகரை அழித்துத் திரும்பியவர் என்பது சேக்கிழார் வாக்கு. முதலாம் நரசிம்மவர்மன் வாதாவியை வென்ற ஆண்டு கி.பி. 642 என வரலாற்றறிஞர் கொள்வர். எனவே சம்பந்தர் காலம் ஏழாம் நூற்றாண்டின் இடைப்பகுதி என்பது போதரும். அவரால் 'அப்பர்' என்று அழைக்கப்பெற்ற திருநாவுக்கரசு சுவாமிகள் அவருக்கு மூத்தவர்; மகேந்திரவர்மன் ஆட்சியைக் கண்டவர்.

அக்காலத் தமிழகம் போர் ஓயாத நிலம். நாவுக்கரசரின் தமக்கையார் திலகவதியார்க்கு மணம் பேசப்பெற்ற கலிப்பகையார், வடபுலத்துப் பகைவரொடு பொருது களத்தில் மாண்டார். பெற்றோரும் இறந்தனர். தம்பிக்காகவே உயிர் தாங்கிய அம்மையாரின் வரலாறு, அந்நாளில் எத்தனையோ இல்லங்களில் நிகழ்ந்திருக்கும். சமயங்களும் பலவாய்ச் செறிந்திருந்தன. கி.பி. 640ஆம் ஆண்டளவில் காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், ஆங்குப் பௌத்தப் பள்ளிகள் நூறும் தேவர் கோயில்கள் எண்பதும் இருந்தன என்றும், நிர்க்கந்தராகிய சமணர் பலர் இருந்தனர் என்றும் குறித்துள்ளார். இளமையில் சமணம் புகுந்து தருமசேனர் என்னும் பெயருடன் பாடலியில் தலைமை பெற்றிருந்த நாவுக்கரசர், சூலை நோயால் வருந்தித் தமக்கையாரிடம் திருநீறு பெற்றுத் திருவதிகையில் பாடத் தொடங்கினார் என்பது யாவரும் அறிந்ததே.

அதன்பின் வந்த அரசனது அழைப்பே ஈண்டு நோக்கத்தக்கது. பல்லவன் ஆணையை ஏந்தி அமைச்சரும் படையும் வந்தபொழுது நாவுக்கரசர் பாடிய விடை, 'மறுமாற்றத் திருத்தாண்டகம்' என்று பெயர் பெற்றது. மறுமாற்றம் என்பதற்கு மறுமொழி என்று பொருள். இறைவனுக்கு அன்றி வேறெவர்க்கும் தாம் குடியல்லர் என்பதும், கூற்றுவனுக்கும் அஞ்சுதல் இல்லை என்பதும் அதன் கருத்து. 'குடி' என்பது அரசனுக்கு வரி செலுத்தி அவன் ஆணைக்கு அடங்கி வாழ்பவனைக் குறிக்கும் ஆட்சித்துறைச் சொல். அச்சொல்லையே எடுத்து அரசனுக்கு மறுத்துரைத்த துணிவு, அதற்கு முந்தைய தமிழ்ப் பாட்டில் இத்துணை வெளிப்படையாகக் கேட்கப்பெற்றதில்லை எனலாம். சங்கப் புலவரும் அரசரை இடித்துரைத்தனர். ஆயின் குடிமையை மறுத்தாரல்லர். நீற்றறை, நஞ்சு, யானை, கல்லொடு கடலில் இடுதல் ஆகிய துன்பங்களை அவர் கடந்த வரலாற்றை இச்சொல்லின் பின்னணியில் வைத்துப் படித்தல் வேண்டும். தாண்டகம் பண் வகுக்கப்பெறாத யாப்பு; ஓதுவார் அதனை அரிகாம்போதி இராகத்தில் ஓதுவது மரபு.

அவ்வரசன் பின்னர்ச் சைவம் சார்ந்து, பாடலியில் இருந்த பள்ளிகளை இடித்துத் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்கிறது பெரியபுராணம். குணபரன் என்பது மகேந்திரவர்மனின் விருதுப் பெயர்களுள் ஒன்று. திருச்சிராப்பள்ளி மலைக்குடைவரையில் உள்ள அவனது வடமொழிக் கல்வெட்டில், மாற்று நெறியினின்று திரும்பியமை சிலேடையாய்ச் சுட்டப்பெறுகிறது. அச்சிலேடைக்கு அறிஞர் வேறு பொருளும் கூறுவர். ஆயினும் பெயர் ஒற்றுமை தற்செயல் என்று தள்ளுதற்கு அரிது.

தெருவைக் காணவேண்டுமாயின் நாவுக்கரசரின் திருவாரூர்த் திருவாதிரைப் பதிகத்தைக் காண்க. திருவாரூரில் ஆதிரைத் திருநாளைக் கண்டு திருப்புகலூர்க்கு வந்த நாவுக்கரசர், விழாவின் சிறப்பினைச் சம்பந்தருக்கு எடுத்துரைத்ததாக அமைந்தது அது. முத்து விதானம், பொற்கவரி, பின்தொடரும் அடியவர், அணங்கனைய மகளிர், தலைமாலை பூண்ட விரதியர் எனக் கண்முன் ஊர்வலம் செல்கிறது. மகேந்திரவர்மன் இயற்றிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் வடமொழி நகை நாடகத்திலும் கபாலிகரும் பாசுபதரும் பௌத்தத் துறவியும் காஞ்சித் தெருவில் வருகின்றனர். அரசன் நகைத்துக் காட்டிய அதே கூட்டத்தை அடியவர் வணங்கிக் காட்டினார். இரண்டினையும் ஒருங்கு வைத்துப் பார்ப்பவர்க்கு அந்நாளைய தெரு முழுமையாய்த் தோன்றும்.

கோயில்களின் நிலையும் பாடல்களால் விளங்கும். நாவுக்கரசரது அடைவு திருத்தாண்டகம் பெருங்கோயில்களை எழுபத்தெட்டு என்று எண்ணி, கரக்கோயில், ஞாழற்கோயில், கொகுடிக்கோயில், இளங்கோயில், மணிக்கோயில், ஆலக்கோயில் என வகைகளையும் கூறுகிறது. திருக்கடம்பூர் கரக்கோயில்; திருக்கச்சூர் ஆலக்கோயில்; திருமீயச்சூரில் இளங்கோயில் இன்றும் உண்டு. அக்கோயில்கள் பெரும்பாலும் செங்கல்லாலும் மரத்தாலும் ஆனவை. இன்று நாம் காணும் கருங்கல் விமானங்கள் பிற்காலச் சோழர் திருப்பணி. எனவே பாடல் பழையது, கட்டடம் புதியது என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்க.

பசியைப் பாடிய பாட்டு ஒன்று உண்டு. சம்பந்தரும் நாவுக்கரசரும் திருவீழிமிழலையில் தங்கியிருந்த காலத்து மழை பொய்த்து வற்கடம் வந்தது. அடியார்க்கு அமுது படைக்க வழியில்லை. இறைவன் கிழக்கும் மேற்குமாக இரு பீடங்களில் நாள்தோறும் ஒவ்வொரு காசு வைத்தருளினான். அதனைக் கொண்டு இரு திருமடங்களிலும் அடியார் உண்டனர். ஆயின் நாவுக்கரசர் மடத்தில் உரிய பொழுதில் அமுது நடக்க, சம்பந்தர் மடத்தில் பொழுது தாழ்ந்தது. வினவியபொழுது, கடைத்தெருவில் நாவுக்கரசர் காசை வாசியின்றி ஏற்கின்றனர், சம்பந்தர் காசுக்கு வாசி கேட்கின்றனர் என்று அமுது ஆக்குவோர் கூறினர். வாசி என்பது காசின் மாற்றுக் குறைந்தால் வணிகர் கழிக்கும் வட்டம். காசு கைம்மாறிப் பண்டம் வந்து சேர்வதற்குள் உலை ஏறும் நேரம் கடந்துவிடும். மறுநாள் சம்பந்தர் அவ்வாசி தீர்ந்த காசு வேண்டி ஒரு பதிகம் பாடினார், நற்காசு பெற்றார். கைத்தொண்டு செய்தவர்க்கு முதலிலேயே நற்காசு கிடைத்தது என்பர் சேக்கிழார். உழவாரம் ஏந்திப் புல் செதுக்கிய கைக்கு இறைவன் தந்த மதிப்பு அது.

அப்பதிகம் திருவிருக்குக்குறள் என்னும் யாப்பினது. அடிக்கு இரண்டே சீர். நான்கடியில் ஒரு பாட்டு முடிந்துவிடும். வருணனை இல்லை, தலச்சிறப்பின் விரிவு இல்லை. சோலையையும் வயலையும் விரித்துப் பாடும் பிள்ளையார், பஞ்ச காலத்தில் இத்துணைச் சுருங்கப் பாடியது வியப்பன்று; பசித்தவர் காத்திருக்கும்பொழுது எவரும் நெடிது பேசார். கடைவீதிச் சொல் ஒன்று கருவறை முன் விண்ணப்பமாக ஒலித்ததும் இப்பதிகத்தில்தான். நாணய மாற்று, வட்டம், பஞ்சம் ஆகிய செய்திகளை அக்கால மக்கள் நாவிலிருந்து எடுத்துத் தரும் சான்று இதனினும் சிறந்தது வேறு காண்டல் அரிது.

சம்பந்தர் பதிகங்களின் பத்தாம் பாடல் பற்றியும் கூறியாதல் வேண்டும். பெரும்பாலும் எட்டாம் பாடலில் இராவணனும், ஒன்பதில் அயனும் மாலும், பத்தில் சமண பௌத்தரைக் கடிதலும், பதினொன்றில் திருக்கடைக்காப்பும் வரும். இக்காலத்தார் சிலர் பத்தாம் பாடலைக் கேட்டு முகஞ்சுளிப்பர். சிலர் அதனை இன்றைய பகைக்குக் கருவியாக்க முயல்வர். இரண்டும் பொருந்தா. அரசவையும் மக்களும் எச்சமயத்தைச் சார்வது என்று வாதம் மூண்டிருந்த நூற்றாண்டின் குரல் அது. மதுரையில் பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் தம் சமயத்தைத் தனித்துக் காத்து நின்ற நிலையையும் நினைதல் வேண்டும். திருவாலவாய்ப் பதிகம் ஒன்று அவ்விருவரையும் மாறி மாறிப் போற்றுகிறது. கழுவேற்றம் பற்றிய செய்தி சம்பந்தர் பதிகங்களில் இல்லை. பின்வந்த நூல்களில்தான் காணப்பெறுகிறது. சீவகசிந்தாமணியும் நன்னூலும் தந்த சமணர்க்குத் தமிழ் பட்டுள்ள கடனைச் சைவத் தமிழறிஞர் எவரும் மறந்ததில்லை.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் காலத்தில் உலகம் மாறிவிட்டது. தில்லைப் பதிகம் ஒன்றில் அவர், பல்லவர்க்குத் திறை கொடாத மன்னரைத் துன்புறுத்துபவனாகப் பெருமானைக் குறிக்கின்றார். திறை மறுப்போர் இருந்தமையாலன்றோ அப்படிப் பாட நேர்ந்தது! பல்லவப் பேரரசு தளரத் தொடங்கியதன் அறிகுறி இது. புலவர் நிலையும் தாழ்ந்தது. பங்குனி உத்திரச் செலவிற்குப் பொன் வேண்டித் திருப்புகலூர் சென்றபொழுது பாடிய பதிகத்தில், ஈயாத ஒருவனைப் பாரி என்று புகழ்ந்தாலும் கொடுப்பார் இல்லை என்று புலவர்களை நோக்கிக் கூறுகின்றார். பறம்பின் கோமான் பாரி மறைந்து நூற்றாண்டுகள் பல கடந்தும் அவன் பெயர் வள்ளன்மைக்கு அளவுகோலாய் நின்றது. ஆனால் அப்பெயருக்கு உரியவர் எவரும் இல்லை. அன்றிரவு தலைக்கு அணையாக வைத்த செங்கல் பொன்னாயிற்று என்பது வரலாறு.

இப்பாடல்கள் கோயில்களில் இடையறாது ஒலித்தமைக்குக் கல்வெட்டே கரி. தஞ்சை இராசராசேச்சரத்தில் திருப்பதியம் விண்ணப்பிக்கப் பிடாரர் நாற்பத்தெண்மரும், உடுக்கை வாசிப்பான் ஒருவனும், கொட்டி மத்தளம் வாசிப்பான் ஒருவனும் அமர்த்தப்பெற்றனர்; ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் நிவந்தமாக விடப்பெற்றது. ஏடுகள் தில்லையில் செல்லரித்துக் கிடந்ததும், நம்பியாண்டார் நம்பி தொகுத்ததும் பலரும் அறிந்தவை. ஏட்டில் தப்பிய திருவிடைவாய்ப் பதிகம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கோயிற் கல்வெட்டிலிருந்து மீட்கப்பெற்றது.

மீளாதது யாழ். சம்பந்தருடன் திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் துணைவியார் மதங்கசூளாமணியாரும் தலந்தோறும் சென்றனர். பாணர் குலத்தாரான அவ்விருவரையும் பிள்ளையார் உடன் வைத்துக்கொண்டதும் அக்காலத்தின் ஒரு செய்தியே. திருத்தருமபுரத்தில், யாழில் அடங்காத பதிகம் ஒன்றைப் பிள்ளையார் பாட, பாணர் மனம் நொந்து யாழை உடைக்க ஓங்கினார். பிள்ளையார் தடுத்து, இயன்ற அளவு வாசித்து உடன் வருக என்றார். அப்பதிகம் யாழ்முரி எனப் பெயர் பெற்று, இன்று அடாணா இராகத்தில் ஓதப்பெறுகிறது. தருமபுரத்திற்குச் செல்லும் அன்பர்கள் அங்குள்ள ஓதுவாரிடம் அதனை விண்ணப்பிக்கக் கேட்டு இன்புறலாம்.