கழிவு நீரில் ஒரு ஒளிக்கதிர்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் நோக்கிப் பேருந்தில் செல்பவர்கள் விக்கிரவாண்டிக்கு முன்பாக முண்டியம்பாக்கத்தைக் கடக்க வேண்டும். அரைவைப் பருவத்தில் அங்கே கரும்பு வண்டிகள் வரிசையாக நிற்கும். பாகின் மணம் பேருந்துக்குள்ளேயே வந்துவிடும். கரும்புச் சாற்றில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்பதைச் சர்க்கரை ஆலைகளில் எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? நாக்கில் விட்டுப் பார்த்தல்ல. தெளிவாக்கிய சாற்றின் வழியே தளவிளைவுற்ற ஒளியைச் செலுத்துவார்கள். சர்க்கரை அந்த ஒளியின் தளத்தைச் சிறிது திருப்பிவிடும். எத்தனை பாகை திரும்பியது என்று பார்த்துச் சர்க்கரையின் அளவைச் சொல்லிவிடுவார்கள்.

அதே ஊரில் 2010-ஆம் ஆண்டு அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதன் மருத்துவமனைக்கு வருவோரில் சிறுநீரகம் செயலிழந்தவர்களும் உண்டு. கரும்புச் சாற்றை ஒளியால் அளப்பது போலவே, இவர்களுடைய இரத்தத்திலிருந்து வெளியேறும் கழிவையும் ஒளியால் அளக்க முடியும். மாணவ நண்பர்களே, அது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம். இதற்கு வேண்டிய பௌதிகம் பெரும்பாலும் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

சிறுநீரகங்கள் பழுதுபட்டால் யூரியா, கிரியாட்டினின், யூரிக் அமிலம் போன்ற கழிவுகள் இரத்தத்தில் தேங்கிவிடும். அவற்றை வெளியிலிருந்து நீக்கும் முறையே டயாலிசிஸ். ஒரு மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் இரத்தமும், மறுபக்கம் உப்புகள் அளவாகக் கலந்த தூய நீர்மமும் ஓடும். சவ்வின் நுண்துளைகள் வழியே யூரியா போன்ற சிறு மூலக்கூறுகள் செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குச் செல்லும். இரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் துளையில் நுழைய முடியாமல் நின்றுவிடும். டயாலிசிஸ் என்ற பெயரை 1861-இல் வழங்கியவர் தாமஸ் கிரஹாம் என்ற வேதியியலார். அதை மனிதருக்குப் பயன்படுத்திக் காட்டியவர் நெதர்லாந்து நாட்டு மருத்துவர் வில்லெம் கோல்ஃப். உலகப் போரின் நடுவே, 1943-இல், இறைச்சி அடைக்கப் பயன்படும் செல்லோஃபேன் குழாயை மர உருளை ஒன்றில் சுற்றி அவர் தம் இயந்திரத்தைச் செய்தார். முதலில் சிகிச்சை பெற்ற பலர் பிழைக்கவில்லை. 1945-இல் நினைவிழந்து கிடந்த 67 வயது மூதாட்டி ஒருவர் கண் விழித்தார். அதன் பின்னரே உலகம் அவரை நம்பியது.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். நோயாளி நான்கு மணி நேரம் படுத்திருக்கிறார். நிமிடத்துக்கு 500 மி.லி. வீதம் 120 லிட்டர் நீர்மம் ஓடி வடிகாலுக்குப் போகிறது. கழிவு போதுமான அளவு நீங்கியதா? சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இரத்தம் எடுத்து யூரியாவை அளப்பதே வழக்கமான முறை. ஒவ்வொரு முறையும் இவ்வாறு செய்ய இயலாது. பல இடங்களில் மாதம் ஒருமுறைதான் செய்வார்கள். மற்ற நாட்களில் என்ன நடந்தது என்பது யாருக்கும் தெரியாது.

என் தாய்மாமன் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த காலத்தில், கடைசிப் பேருந்தைப் பிடிப்பதற்காக அரை மணி முன்னதாகவே எழுந்துவிடுவார். "அரை மணியில் என்னப்பா கெட்டுவிடும்?" என்பார். பௌதிகம் படித்த நான் அன்று அவருக்குச் சரியான பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைப் பின்னால் கணக்கிடுவோம்.

முதலில் ஒரு சிறு சோதனை. ஒரே அளவான நான்கு கண்ணாடித் தம்ளர்களில் நீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் சம அளவு மை விடுங்கள். அவற்றை வரிசையாக வைத்து ஒரு முனையிலிருந்து டார்ச் விளக்கை அடியுங்கள். முதல் தம்ளர் பாதி ஒளியை விட்டால், இரண்டாவது அந்தப் பாதியில் பாதியைத்தான் விடும். மூன்றாவது அதிலும் பாதியை. ஒவ்வொன்றும் ஒளியைச் சம அளவில் குறைப்பதில்லை, சம விகிதத்தில் குறைக்கிறது. தம்ளர்களை அடுக்குவதற்குப் பதில் ஒரே தம்ளரில் மையைக் கூட்டினாலும் இதே விளைவுதான். எனவே, புகும் ஒளிக்கும் வெளிவரும் ஒளிக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையை எடுத்தால், அது செறிவுக்கு நேர் விகிதத்தில் அமையும். இதை உட்கவர் அளவு என்போம். பூகேர் 1729-இலும், லாம்பர்ட் 1760-இலும், பீர் 1852-இலும் படிப்படியாக வகுத்த விதி இது.

ஆனால் டயாலிசிஸ் கழிவு நீரில் மை இல்லையே! கண்ணுக்கு அது வெறும் தண்ணீர்தான். கட்புலனாகும் ஒளி அதைத் தடையின்றிக் கடந்துவிடும். புற ஊதாக் கதிரோ, ஏறத்தாழ 280 நானோமீட்டர் அலைநீளத்தில், அதற்குள் இருண்டுபோகிறது. காரணம் யூரிக் அமிலமும் அதையொத்த வேறு சில பொருள்களும். யூரிக் அமிலம் 290 நானோமீட்டரை ஒட்டிய கதிர்களை வலுவாக உட்கவர்கிறது. வேடிக்கை என்னவென்றால், மருத்துவர்கள் அளக்க விரும்பும் யூரியா இந்தக் கதிரைத் தொடுவதேயில்லை. ஆயினும் இரண்டும் நீரில் கரையும் சிறு மூலக்கூறுகள். ஏறக்குறைய சேர்ந்தே வெளியேறுகின்றன. ஆகவே யூரிக் அமிலத்தைச் சாட்சியாக வைத்து யூரியாவைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறோம். சாட்சி சற்று மெதுவாக நடப்பவர் என்பதால் கணக்கில் ஒரு சிறு திருத்தம் தேவைப்படும்.

இரத்தத்திலேயே ஏன் அளக்கக்கூடாது? சிவப்பணுக்களும் புரதங்களும் அந்தக் கதிரை முழுவதும் விழுங்கிவிடும். சவ்வு அவற்றைத் தடுத்துவிடுவதால் கழிவு நீரில் அத்தொல்லை மிகக் குறைவு. புதிய நீர்மத்தில் உள்ள உப்புகளும் குளுக்கோசும் இந்த அலைநீளத்தில் குறுக்கிடுவதில்லை. எனவே அதையே பூச்சியமாகக் கொள்ளலாம். நோயாளியின் உடலிலிருந்து ஒரு துளி இரத்தமும் எடுக்க வேண்டியதில்லை. இன்னொன்று: சாதாரணக் கண்ணாடி 280 நானோமீட்டர் கதிரைத் தடுத்துவிடும். ஆகவே நீர்மம் ஓடும் குழாயின் சாளரம் குவார்ட்ஸ் போன்ற பொருளால் ஆனதாக இருக்க வேண்டும்.

கால் என்ற அறிஞரும் குரோஃப் என்ற அறிஞரும் 1980-லேயே இம்முறையை வெளியிட்டனர். ஸ்வீடனைச் சேர்ந்த லிண்ட்பெர்க், எஸ்தோனியாவின் இவோ ஃபிரிடோலின் முதலியோர் 2002-ஐ ஒட்டி இதை நேரடித் தொடர் அளவீடாக வளர்த்தனர். இன்று சில டயாலிசிஸ் இயந்திரங்களிலேயே இக்கருவி பொருத்தப்பட்டு வருகிறது, எல்லாவற்றிலும் இல்லை.

இனிக் கணக்கு. 10 லிட்டர் மை கலந்த நீர் உள்ள வாளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு லிட்டரை மொண்டு கொட்டிவிட்டு, ஒரு லிட்டர் நல்ல நீரை ஊற்றிக் கலக்குங்கள். ஒவ்வொரு முறையும் எஞ்சிய மையில் பத்தில் ஒரு பங்கு போகும். 12 முறை செய்தபின் சுமார் 28 சதவீத மை மீதமிருக்கும். கொட்டியது 12 லிட்டர், வாளியின் கொள்ளளவு 10 லிட்டர், விகிதம் 1.2. மொண்டு ஊற்றாமல் தொடர்ந்து ஓடவிட்டால் மீதி 30 சதவீதம்.

நம் உடலும் அந்த வாளிதான். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் சுமார் 35 லிட்டர் நீர் இருப்பதாகக் கொள்வோம். இயந்திரம் நிமிடத்துக்கு 175 மி.லி. அளவைச் சுத்தம் செய்தால், 240 நிமிடத்தில் 42 லிட்டர். 42-ஐ 35-ஆல் வகுத்தால் அதே 1.2. வாரம் மூன்று முறை சிகிச்சை பெறுவோருக்கு ஒவ்வொரு முறையும் இந்த எண் 1.2-க்குக் குறையக்கூடாது என்பது மருத்துவர்களின் வரையறை. இதை அவர்கள் 'கே-டீ-பை-வீ' என்பார்கள்.

இந்த எண்ணை ஒளி எப்படித் தருகிறது? தொடக்கத்தில் உட்கவர் அளவு 1.20 என்றும், முடிவில் 0.36 என்றும் வைத்துக்கொள்வோம். அதாவது முதலில் 100-க்கு 6 பங்கு ஒளியே வெளிவந்தது. இறுதியில் 44 பங்கு வருகிறது. 1.20-ஐ 0.36-ஆல் வகுத்து இயல் மடக்கை எடுத்தால் 1.2 கிடைக்கும். கவனித்தீர்களா? குழாயின் தடிமனோ, யூரிக் அமிலத்தின் உண்மைச் செறிவோ நமக்குத் தேவைப்படவேயில்லை. வகுக்கும்போது அவை அடிபட்டுப் போயின. இம்முறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். உடலிலிருந்து நீக்கப்படும் மிகை நீர், சிகிச்சையின்போதே புதிதாகத் தோன்றும் யூரியா ஆகியவற்றுக்கான திருத்தங்களை இங்கே விட்டுவிட்டேன்.

இப்போது மாமாவின் அரை மணி. 210 நிமிடத்தில் எண் 1.05-ஆகக் குறைகிறது. மீதிக் கழிவு 30 சதவீதத்துக்குப் பதில் 35 சதவீதம். ஐந்துதானே என்று தோன்றும். ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோகும் கழிவு 30-இலிருந்து 35 ஆகிறது. ஆறில் ஒரு பங்கு கூடுதல். அடுத்த முறை வரும்வரை அதன்மேல் புதிய கழிவும் சேரும். திரையில் அந்த வளைகோடு கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தால், "இன்னும் அரை மணி இருங்கள், மாமா" என்று சொல்வது எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

வளைகோட்டைப் படிக்கவும் பழகவேண்டும். அது மெதுவாக, வழவழப்பாக இறங்கினால் இரத்தம் சுத்தமாகிறது என்று பொருள். திடீரென்று படிபோல் இறங்கினாலோ சங்கதி வேறு: ஊசி நகர்ந்து இரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம், சவ்வில் இரத்தம் உறைந்திருக்கலாம். கழிவு உடலிலேயே தங்கிவிட, வெளிவரும் நீர் மட்டும் தெளிவாகத் தெரியும். அந்தத் தெளிவைத் தூய்மை என்று எண்ணி ஏமாந்துவிடக்கூடாது. சில மருந்துகளும் குழப்பும். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் மாத்திரையும் அதன் சிதைபொருள்களும் இதே கதிர்களைக் கவர்வதால், நோயாளி மாத்திரை போட்ட நாளில் கருவியின் கணக்குத் தவறக்கூடும்.

உங்களுக்கு ஒரு கணக்கு: தொடக்கத்தில் உட்கவர் அளவு 0.90, மூன்று மணி நேரத்தில் 0.33. இதே வேகத்தில் போனால் 1.2-ஐ எட்ட இன்னும் எத்தனை நிமிடம் வேண்டும்? எனக்குச் சுமார் 36 நிமிடம் வருகிறது. நீங்களும் போட்டுப் பாருங்கள்.