மூன்றாம் முறை வீங்கிய கெபாசிட்டர்

அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் பேனலைத் திறந்தால் அடுப்பு வாய் மாதிரி முகத்தில் அனல் அடிக்கும். அப்படி ஒரு மதியம், ஆம்பூர் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் 25 கே.வி.ஏ.ஆர். கெபாசிட்டர் தலை உப்பி நின்றது. அதே இடத்தில், அதே வருஷத்தில் மூன்றாவது. "போன மாசம்தானேண்ணே புதுசு போட்டோம்?" என்று சூப்பர்வைசர் தம்பி கேட்டார். முதல் இரண்டு தடவையும் வெயில்மேல் பழியைப் போட்டு மாற்றிக் கொடுத்தவன் நான். அன்றைக்குத்தான் மாற்றுவதற்கு முன்னால் அளந்தேன்.

வீங்கியதை அளந்து பயனில்லை. உள்ளே அழுத்தம் ஏறியதும் அது இணைப்பை அறுத்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் அதே அளவில் ஓடிக்கொண்டிருப்பதை அளக்க வேண்டும். 440 வோல்ட் குறித்த 25 கே.வி.ஏ.ஆர். கெபாசிட்டர், 415 வோல்ட்டில் சுமார் 31 ஆம்பியர் இழுக்கும். என் பழைய டாங் டெஸ்டர் 36 காட்டியது. நண்பரிடம் ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டர் வாங்கி வைத்தேன்: 46! கெபாசிட்டர் தாங்கக்கூடியது 440 வோல்ட்டில் அதன் குறித்த கரன்ட்டில் 1.3 மடங்கு, அதாவது 43 வரைதான். அலை கெட்ட கரன்ட்டைச் சாதாரண மீட்டர் குறைத்துக் காட்டும் என்பதை நான் படித்திருக்கிறேன், பார்த்தது அன்றுதான்.

மீட்டரை அங்கேயே மாட்டிவிட்டு, மோட்டார் வேகத்தை மாற்றும் ட்ரைவ்களை ஒவ்வொன்றாக நிறுத்தச் சொன்னேன். 46, 42, 38 என்று இறங்கி, கடைசி ட்ரைவ் நின்றதும் 31. குற்றவாளி கெபாசிட்டர் இல்லை.

இந்தப் பேனல் போட்ட காலத்தில் தோல் பதப்படுத்தும் ட்ரம்களுக்கு நேரடி மோட்டார்தான். பிறகு ட்ரைவ் வந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் இந்தப் பக்கம் ஷாப் நடத்த வழியில்லை; சுத்திகரிப்பு பம்ப், புளோயர்களிலும் ட்ரைவ். ஒவ்வொன்றும் 250, 350 ஹெர்ட்ஸ் கரன்ட்டை லைனில் தள்ளுகிறது. அதிர்வெண் கூடக்கூட கெபாசிட்டரின் தடை குறைவதால் அத்தனையும் அதற்குள் பாயும். 500 கே.வி.ஏ. ட்ரான்ஸ்ஃபார்மரோடு 200 கே.வி.ஏ.ஆர். சேர்ந்தால், ஒத்ததிர்வு ஏறக்குறைய 350 ஹெர்ட்ஸிலேயே போய் உட்காரும். பவர் ஃபாக்டர் 0.90-க்குக் கீழே போனால் பில்லில் அபராதம் என்பதால் கெபாசிட்டரைக் கழற்றி வைக்கவும் முதலாளி பாய் ஒத்துக்கொள்ள மாட்டார்.

கெபாசிட்டரும் இருக்க வேண்டும், அந்தக் கரன்ட்டும் அதற்குள் பாயக்கூடாது. அதனால் 7 சதவீத ரியாக்டரைத் தொடரில் போட்டோம். அதைப் போட்டால் கெபாசிட்டர்மேல் வோல்டேஜ் 446-க்கு ஏறும். பழைய 440 வோல்ட் கெபாசிட்டரை அதோடு விடக்கூடாது, 525 வோல்ட் வேண்டும். இங்கேதான் பலர் கணக்கைத் தவற விடுகிறார்கள். 525 வோல்ட்டில் 25 என்று எழுதியிருப்பது இந்த இணைப்பில் 17 கே.வி.ஏ.ஆர்.தான் தரும். எண்ணிக்கையைக் கூட்டி வாங்குங்கள்.

கெபாசிட்டரின் உடம்பு ஆறியிருந்து ஒரு டெர்மினல் மட்டும் கொதித்தால் கதை வேறு. சுண்ணாம்பு ட்ரம்மில் போடும் சல்ஃபைடிலிருந்து கிளம்பும் வாயு செம்பைக் கரியாக்கிவிடும். லக்கைக் கழற்றினால் தீப்பெட்டி உரசியது போலக் கறுத்திருக்கும். கன்டாக்டரின் வெள்ளி முனைக்கும் அதே கதி. அது படபடவென்று அடிக்கும்போதெல்லாம் கெபாசிட்டர் பெரிய கரன்ட்டை வாங்குகிறது. பேனலைச் சுண்ணாம்பு ட்ரம் பக்கத்திலிருந்து தள்ளி வைப்பதுதான் மருந்து.

ட்ரைவுக்குள் இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டருக்கு எதிரி பஃபிங் தூள். விசிறியில் கம்பளி மாதிரி படிந்து காற்றை அடைக்கும். சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகிவிடும். மாற்றும்போது 105 டிகிரி எழுதியதையே கேட்டு வாங்குங்கள். விலை குறைவு என்று 85 டிகிரி வேண்டாம்.

திறப்பதற்கு முன் ஒன்று. ட்ரைவுக்குள் இருக்கும் டி.சி. பஸ்ஸில் 587 வோல்ட் நிற்கும், லைனை அணைத்த பிறகும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். ட்ரைவ் மூடிமேல் எழுதியிருக்கும் நிமிடம் வரை காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள். என்னோடு வரும் பையன்கள் யாராக இருந்தாலும், அந்த ரீடிங்கை எனக்குச் சத்தமாகச் சொன்ன பிறகுதான் ஸ்பேனரைக் கையில் கொடுப்பேன்.