யூதரும் கிறிஸ்தவரும்: நூல் ஒன்று, நெறி இரண்டு

இரு சமயங்களை ஒப்பிட்டு ஆராயப் புகுவார்க்கு முதற்கண் வேண்டுவது நடுவுநிலைமை. வாணிகஞ் செய்வார் பிறர் பொருளையும் தம் பொருளேபோற் பேணல் வேண்டுமென வள்ளுவர் அவ்வதிகாரத்தின் இறுதியில் விதித்தார். பொருட்கு உரைத்த இம்முறை கொள்கைக்கு இன்னும் மிகுதியாய்ப் பொருந்தும். பிறர் கொள்கையை எடுத்துரைப்போன், அக்கொள்கையுடையார் கேட்டு, "ஆம், யாம் நம்புவது இதுவே" என்று ஒப்புக்கொள்ளுமாறு உரைத்தல் வேண்டும். இம்முறை தவறியதனால் விளையுந் தீமைக்கு யூதர் கிறிஸ்தவர் சரித்திரத்தைப் போன்ற சான்று பிறிதொன்று காண்டல் அரிது. ஆதலின் இவ்விரு சமயத்தாரின் முக்கிய வேறுபாடுகளை, அவரவர் கொள்ளும் வண்ணமே ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

மாணவருட் பலர் இவ்வேறுபாட்டை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவர்: இயேசுவை மேசியாவெனக் கிறிஸ்தவர் ஏற்றனர்; யூதர் ஏற்றிலர் என்பர். இக்கூற்று பொய்யன்று. ஆயினும் இதனோடு நின்றுவிடுவோமாயின், யூத சமயம் என்பது கிறிஸ்து சமயத்தினின்று ஒன்றைக் கழித்தபின் எஞ்சிய மிச்சம் என்னும் எண்ணம் உள்ளத்தில் தங்கிவிடும். யூதர் முழுமையான ஒரு நெறியுடையார். அந்நெறி எழுப்பும் வினாக்களும் தனியானவை. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. வேதநூல்

மோசேயின் ஐந்து ஆகமங்களையும், தீர்க்கதரிசிகளின் நூல்களையும், சங்கீதங்களையும் இரு சமயத்தாரும் தெய்வ வாக்கெனப் போற்றுகின்றனர். கிறிஸ்தவர் இத்தொகுதியைப் பழைய ஏற்பாடு என்பர். யூதர் அப்பெயரை வழங்குவதில்லை. பழையதென்னுஞ் சொல் புதியதொன்றை வேண்டி நிற்பதன்றோ? தோரா, நெபியீம், கெத்துவீம், அதாவது போதனை, தீர்க்கதரிசிகள், ஏனைய எழுத்துக்கள் என்னும் முப்பிரிவின் முதலெழுத்துக்களைச் சேர்த்து, 'தனாக்' என்று அவர் பெயரிட்டனர். புரொட்டஸ்டாண்டுக் கிறிஸ்தவர் 39 எனக் கணக்கிடும் ஆகமங்களை யூதர் 24 எனக் கணக்கிடுவர். சாமுவேல், இராஜாக்கள், நாளாகமம் ஆகியவற்றை இரண்டிரண்டாகப் பிரியாமையும், சிறிய தீர்க்கதரிசிகள் பன்னிருவரையும் ஒரு நூலாகவும், எஸ்றா நெகேமியா இரண்டையும் ஒரு நூலாகவும் கொள்ளுதலுமே இதற்குக் காரணம். கத்தோலிக்க சபையார் வேறு சில நூல்களையும் இத்தொகுதியிற் சேர்ப்பர்.

எண்ணிக்கையினும் வரிசை முறையே கருதத்தக்கது. கிறிஸ்தவர் வரிசையில் மல்கியாவின் நூல் இறுதியில் நிற்கின்றது. எலியா தீர்க்கதரிசி வருவார் என்னும் எதிர்பார்ப்போடு அது முடிகின்றது. அடுத்த ஏட்டைப் புரட்டினால் சுவிசேஷம் தொடங்குகின்றது. யூதர் வழக்கமாக அச்சிடும் பிரதிகளில் நாளாகமமே இறுதி. பாரசீக அரசனாகிய கோரேசு, சிறைப்பட்டிருந்த யூதர் எருசலேமுக்குத் திரும்பிச் செல்ல விடைகொடுத்த செய்தியோடு அது முடிகின்றது. ஒருவர் வருகையை நோக்கி ஒரு தொகுதி நிற்க, மக்கள் ஊர் திரும்புதலை நோக்கி மற்றொன்று நிற்கின்றது.

ஒரே மூலத்திற்கு உரைகளும் இரண்டாயின. திருக்குறளுக்குப் பரிமேலழகர் உரைகொண்டு பொருள் காண்பாரும், மணக்குடவர் உரைகொண்டு பொருள் காண்பாரும் ஒரோவழி வேறுபடுதலை நாம் அறிவோம். கிறிஸ்தவர் தனாக்கினைப் புதிய ஏற்பாட்டின் ஒளியிற் படிக்கின்றனர். யூதரோ, எழுதப்பட்ட தோராவோடு வாய்மொழித் தோராவும் வழிவழியாக வந்ததெனக் கொள்வர். அவ்வாய்மொழி மரபு கி.பி. 200-ஆம் ஆண்டளவில் மிஷ்னா என்னும் நூலாகத் தொகுக்கப்பெற்றது. அதன்மேல் எழுந்த விரிந்த ஆராய்ச்சியே தல்மூது.

2. மேசியா

மேசியா என்பது அபிஷேகம் பெற்றவர் எனப் பொருள்படும் எபிரெயச் சொல். அதன் கிரேக்க மொழிபெயர்ப்பே கிறிஸ்து என்பது. பண்டை யூதர் எதிர்நோக்கிய மேசியா, தாவீதின் குலத்தில் தோன்றும் ஓர் அரசர். சிதறிய மக்களை ஒன்று சேர்ப்பவர். உலகெங்கும் நீதியும் சமாதானமும் நிலவச் செய்பவர். இந்நம்பிக்கையை மரபு வழுவாத யூதர் இன்றும் உடையர். சீர்திருத்த யூதர் பலர், 1885-இல் அமெரிக்க நாட்டுப் பிட்ஸ்பர்க்கு நகரில் வெளியிட்ட கொள்கை அறிக்கையின் வழி நின்று, தனியொருவரை எதிர்பாராது நீதியும் சமாதானமும் நிறைந்த ஒரு காலத்தையே எதிர்பார்க்கின்றனர்.

1263-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஸ்பெயின் தேயத்துப் பார்சலோனா நகரில், அரகோன் அரசனாகிய முதலாம் ஜேம்ஸ் முன்னிலையில் ஒரு பெரிய வாதம் நிகழ்ந்தது. யூத சமயத்தினின்று கிறிஸ்தவராகித் துறவு பூண்ட பாப்லோ கிறிஸ்தியானி என்பார் ஒருபுறமும், மோசே பென் நக்மான் என்னும் யூதப் பேராசிரியர் மறுபுறமும் நின்றனர். மேசியா வந்துவிட்டார் என்பதற்குப் பாப்லோ தல்மூதினின்றே சான்று காட்ட முயன்றார். அதற்கு நக்மான் கூறிய விடைகளுள் தலையாயது, மேசியாவின் நாளில் போர் ஒழியும் எனத் தீர்க்கதரிசிகள் உரைத்திருக்க, உலகம் இன்றளவும் கொடுமையால் நிரம்பியுள்ளதே என்பதாம். அரசன் அவர் வாதத்திறனை மெச்சிப் பரிசளித்தான். ஆயினும் எதிர்ப்பு வலுக்கவே, அவர் முதுமையில் தாயகம் துறந்து 1267-இல் எருசலேமை அடைந்தார்.

நக்மானின் வினா இன்றும் யூதர் வினாவே. கிறிஸ்தவர் இவ்வினாவை ஒதுக்குவதில்லை. வேறொரு முறையில் விடை பகர்கின்றனர். கடவுளின் இராஜ்யம் இயேசுவின் மரணத்தாலும் உயிர்த்தெழுதலாலும் தொடங்கிவிட்டது. அது நிறைவெய்துவது அவர் மறுபடி வருங்காலத்தில் என்பது அவர் விசுவாசம். மீட்பின் அறிகுறியை உலகத்தின் மாறுதலில் தேடுபவர் யூதர். அதனைச் சிலுவையிலும் வெறுமையான கல்லறையிலும் கண்டோம் என்பவர் கிறிஸ்தவர். ஏசாயா நூலின் 53-ஆம் அதிகாரத்திற் பாடுபடும் தாசன் யாவன் என்னும் வினாவிலும் இவ்வேறுபாடு விளங்கும். கிறிஸ்தவர் அத்தாசனை இயேசு என்பர். பதினோராம் நூற்றாண்டில் விளங்கிய உரையாசிரியராகிய ராஷி, அத்தாசன் இஸ்ரவேல் மக்களே என உரை கண்டார்.

3. கடவுளின் ஒருமை

கடவுள் ஒருவரே என்பதனைக் காலையும் மாலையும் அறிக்கையிடுதல் யூதரின் கடமை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிதேசு வகுத்த பதின்மூன்று கொள்கைகளுள், கடவுள் ஒருவர் என்பதும், அவர்க்கு உருவமில்லை என்பதும் முதன்மையானவை. கிறிஸ்தவரும் கடவுள் ஒருவரே என்பவர்தாம். மூன்று தெய்வங்களை வணங்குவோர் என அவரைக் கூறுதல் பிழை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒரே தெய்வம் என்பதும், குமாரன் பிதாவோடு ஒரே தன்மையர் என்பதும் அவர் கோட்பாடு. குமாரனைக் குறித்த இக்கோட்பாட்டை 325-இல் கூடிய நிசேயா சங்கம் அறுதியிட்டது.

இருவரும் பிரியும் இடம் அவதாரக் கொள்கை. கடவுள் மனிதனோடு பேசுகிறார், அவன் துயரத்தில் உடனிருக்கிறார் என்பது யூதர்க்கும் உடன்பாடே. அவரே மனிதராய்ப் பிறந்தார் என்பதை அவர் ஒப்பார். மனிதர் எவரையும் வணங்கலாகாது என்பது அவர்க்கு விட்டுக்கொடுக்கலாகாத எல்லை. கிறிஸ்தவர்க்கோ, கடவுள் மனிதராய் வந்தார் என்பதிலேதான் அவருடைய அன்பின் ஆழம் முழுதும் வெளிப்படுகின்றது.

4. பாவமும் மன்னிப்பும்

ஆதாமின் வீழ்ச்சியால் மனித இயல்பே பழுதுற்றது. மனிதன் தன் முயற்சியால் மீளமாட்டான். கிறிஸ்துவின் பலியே அவனை மீட்கும் என மேலைத் திருச்சபையார் பெரும்பாலும் கற்பிப்பர். இக்கொள்கைக்கு வடிவு தந்தவருள் தலைவர் அகுஸ்தீன் (354–430). யூத ஆசிரியர் வேறு கூறுவர். மனிதனுள் நல்நாட்டம் ஒன்றும் தீநாட்டம் ஒன்றும் உள. தீநாட்டத்தை அடக்கி ஆளும் ஆற்றலும் கடமையும் அவனுக்கு உண்டு. தவறியவிடத்து அவன் கடவுளிடம் திரும்புதல் வேண்டும். இத்திரும்புதலைத் 'தெசுவா' என்பர்.

கி.பி. 70-இல் உரோமர் எருசலேம் தேவாலயத்தை அழித்தபின், பலி செலுத்துதற்கு இடமில்லாதொழிந்தது. அந்நாளில் யோகனான் பென் சக்காய் முதலிய ஆசிரியர், மனந்திரும்புதலும் பிரார்த்தனையும் அருட்செயலும் கொண்டு சமய வாழ்வை மீளக் கட்டினர். ஆண்டுதோறும் வரும் பாவநிவாரண நாளில் யூதர் உபவாசமிருந்து மன்னிப்பு வேண்டுவர். பிறன் ஒருவனுக்கு இழைத்த தீங்கினை, அவனிடம் சென்று அவனை அமைதிப்படுத்தினாலன்றி, அந்நாளும் போக்காது என மிஷ்னா விதிக்கின்றது. ஆகவே, பலியின்றி யூதர் எவ்வாறு மன்னிப்படைவர் என்று வினவுவோர், அவர்க்குப் பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக விடை உண்டென்பதை அறிதல் வேண்டும்.

5. தோரா என்னுஞ் சொல்

தமிழ் மாணவர் சிறப்பாகக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. தோரா என்பதற்குப் போதனை, வழிகாட்டுதல் என்பது பொருள். நம் தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில், சங்கீதங்களில் இச்சொல் வருமிடத்துப் பெரும்பாலும் 'வேதம்' எனக் காண்கின்றோம். பவுலின் நிருபங்களில் இதற்கு நிகராக வரும் கிரேக்கச் சொல் 'நியாயப்பிரமாணம்' என மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. வேதம் என்றவுடன் இரவும் பகலும் தியானிக்கும் இன்பம் தோன்றுகின்றது; நியாயப்பிரமாணம் என்றவுடன் நீதிமன்றமும் தண்டனையும் தோன்றுகின்றன. இவ்விரண்டும் ஒரே தோராவைச் சுட்டுவன என்பதைப் படிப்போர் பலர் உணரார்.

யூதர்க்குத் தோரா சுமையன்று. கடவுள் தம்மைத் தெரிந்துகொண்ட அன்பின் ஈகை. மரபுப்படி 613 எனக் கணக்கிடப்படும் கட்டளைகளைக் கைக்கொள்வது, மீட்பினை விலைகொடுத்து வாங்குதற்கன்று. எகிப்தினின்று முன்னரே மீட்கப்பட்ட மக்கள் செலுத்தும் நன்றியாகும். ஆகவே, கிறிஸ்து சமயம் கிருபையின் சமயம், யூத சமயம் சட்டத்தின் சமயம் என்று பிரித்துரைப்பது யூதர் ஏற்கும் வருணனையன்று.

6. பிற மக்கள் நிலை

சகல சாதியாரும் சுவிசேஷத்தைக் கேட்டல் வேண்டும் என்பது கிறிஸ்தவர் கடமையுணர்ச்சி. நம் கல்லூரி போன்ற நிலையங்கள் எழுந்ததும் அவ்வுணர்ச்சியாலேயே. யூதர் பிறரைத் தம் சமயத்திற்கு அழைத்தலில் பெரிதும் முனைவதில்லை. இதனைப் பிறர்மாட்டு அன்பின்மை எனக் கருதுவோர் உளர். உண்மை அதுவன்று. நோவாவின் சந்ததியார் யாவர்க்கும் ஏழு கட்டளைகள் உரியன. அவற்றின்படி ஒழுகும் நல்லோர், யூதராகாமலே மறுமையிற் பங்குடையர் என்பது அவர் ஆசிரியர் கொள்கை. எல்லாரும் யூதராதல் வேண்டும் என்னும் தேவை அவர்க்கு எழவில்லை.

7. பிழைபட உரைத்ததன் பயன்

இவ்வேறுபாடுகள் பெரியவை, ஆனால் அவற்றால் மட்டும் ஒருவர் உயிர்க்கும் ஊறு நேர்ந்திராது. ஊறு செய்தது பழிச்சொல். இயேசுவைக் கொன்ற குற்றத்தை எக்காலத்து யூதர்மேலும் சுமத்தினர். 1240-இல் பாரிசு நகரில் தல்மூது விசாரணைக்குள்ளாகி, அதன் பிரதிகள் வண்டி வண்டியாகக் கொளுத்தப்பட்டன. மார்ட்டின் லூத்தர் 1523-இல், இயேசு யூதராய்ப் பிறந்தவர் என்பதை நினைவூட்டி, யூதரை அன்போடு நடத்துமாறு எழுதினார்; அவரே 1543-இல் அவர்தம் ஜெப ஆலயங்களைத் தீக்கிரையாக்குமாறு எழுதினார். அவ்வெழுத்தை நான்கு நூற்றாண்டுகளுக்குப்பின் நாத்சிக் கட்சியினர் தமக்குத் துணையாக எடுத்துக்காட்டினர். அவராட்சியில் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர்.

அதன்பின் திருச்சபைகள் தம் போதனையைத் திரும்பி நோக்கின. 1965 அக்டோபர் 28-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் மரணப்பழியை அக்கால யூதர் அனைவர்மீதோ இக்கால யூதர்மீதோ சுமத்தலாகாதென அறிவித்தது. 1994-இல் அமெரிக்க சுவிசேஷ லூத்தரன் சபை, லூத்தரின் அக்கொடுஞ்சொற்களை வெளிப்படையாக மறுத்தொதுக்கியது. 2000-இல் யூத அறிஞரும் ரபீகளுமாக இருநூற்றுவர்க்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட ஓர் அறிக்கை, யூதரும் கிறிஸ்தவரும் வணங்கும் கடவுள் ஒருவரே என்றது. இருவர்க்குமுள்ள வேறுபாடு கடவுள் உலகனைத்தையும் மீட்குங்காறும் தீராது என்பதையும் அதுவே ஒளியாமற் கூறிற்று.

இவ்விரண்டையும் ஒருங்கே கூறிய துணிவே நாம் கற்கத்தக்கது. வேறுபாடுகளை மறைத்து எல்லாம் ஒன்றே என்பது மரியாதையாகாது. மிகைப்படுத்தி இழித்துரைப்பது ஆராய்ச்சியாகாது. நம் பேச்சில் கபடன் ஒருவனைப் 'பரிசேயன்' என எளிதிற் சொல்லிவிடுகின்றோம். மரித்தோர் உயிர்த்தெழுவர் என்னும் நம்பிக்கையைப் பரிசேயர் உறுதியாகக் கொண்டிருந்தனர் என்பதையும், பவுல் தம்மைப் பரிசேயரெனவே கூறிக்கொண்டார் என்பதையும், இன்றைய யூத சமயம் பெரும்பாலும் அவர் வழித்தோன்றியது என்பதையும் எண்ணுவோமாயின் அச்சொல் நாவில் அத்துணை எளிதாய் எழாது.

பத்துக் கட்டளைகளை எண்ணும் முறையிலும் இவர்கள் வேறுபடுவர். அயலான்மேற் பொய்ச்சான்று கூறுதலை விலக்குங் கட்டளை யூதர்க்கு ஒன்பதாவது. கிறிஸ்தவருள் கத்தோலிக்கர்க்கும் லூத்தரன் சபையார்க்கும் எட்டாவது. எண் எதுவாயினும் கட்டளை ஒன்றே. பிறர் சமயத்தைப் பற்றிப் பேச வாய்திறக்குமுன் மாணவர் அக்கட்டளையை நினைவிற் கொள்வாராக.