விடியற்காலை அரை மணி நேரம்... உங்களுக்கே உங்களுக்கு!

‘நாளையிலிருந்து கண்டிப்பா வாக்கிங் போயிடணும்!’

இந்த வசனத்தைப் போன ஒரு வருஷத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்? புது வருஷத்துக்கு ஒரு தடவை, பிளட் டெஸ்ட் ரிப்போர்ட் கைக்கு வந்த அன்றைக்கு ஒரு தடவை, பேன்ட் பொத்தான் எட்டாமல் போன அன்றைக்கு ஒரு தடவை... ஆசையாக வாங்கிய ஷூ மட்டும் புத்தம் புதுசாக அலமாரியில் இருக்கும்!

‘நான் ஒரு சோம்பேறி’ என்று உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். பலருக்குத் தப்பு மனசில் இல்லை, நேரத்தைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. ‘சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து பார்த்துக்கலாம்’ என்று வைத்திருப்பீர்கள். ஆனால் சாயங்காலம் உங்கள் கையிலா இருக்கிறது? கிளம்பும் நேரத்தில் மேலதிகாரி ஒரு ஃபைலை நீட்டுவார். பஸ் கிடைக்காது. வீட்டுக்கு வந்தால் விருந்தாளி. பையனுக்கு மறுநாள் கணக்குப் பரீட்சை!

விடிகாலை ஐந்தரை மணிக்கு யாரும் உங்களைத் தேடுவதில்லை. காலை உடற்பயிற்சியின் முதல் நன்மை அதுதான். அந்த நேரத்தில் மந்திரம் ஏதும் இல்லை. தட்டிப்பறிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்!

லண்டன் பஸ் சொல்லித் தந்த பாடம்

தினமும் தவறாமல் செய்வதில் அப்படி என்ன இருக்கிறது என்கிறீர்களா? 1953-ல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். லண்டனில் ஓடிய மாடி பஸ்களின் ஊழியர்களை ஜெரிமி மாரிஸ் என்ற டாக்டரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். ஒரே பஸ், ஒரே கம்பெனி. டிரைவர் நாள் பூராவும் உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க ஒரு ஷிஃப்ட்டில் நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குவார். மாரடைப்பு யாருக்குக் குறைவு தெரியுமா? கண்டக்டர்களுக்குத்தான்!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கண்டக்டர் ‘இன்னைக்கு உடற்பயிற்சி செய்யலாமா, வேண்டாமா?’ என்று யோசித்ததே இல்லை. மாடியில் பயணி இருந்தால் ஏறித்தான் ஆக வேண்டும். அவருடைய நாளுக்குள்ளேயே பயிற்சி கலந்திருந்தது. நமக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அதனால் பல் தேய்ப்பது மாதிரி, காபி குடிப்பது மாதிரி, யோசிக்காமலே நடந்துவிடுகிற ஓர் இடத்தில் பயிற்சியை வைக்க வேண்டும். விடியற்காலை அதற்கு வசதியான இடம்.

மாரிஸ் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? தன் ஆராய்ச்சியைத் தானே நம்பி, தொடர்ந்து உடற்பயிற்சி செய்தவர் அவர். 2009-ல் காலமானபோது வயது 99!

விடியும்போது உடம்புக்குள்ளே...

நீங்கள் கண் விழிக்கும் முன்பே உடம்பு விழிக்க ஆரம்பித்துவிடுகிறது. கார்டிசோல் என்ற ஹார்மோன் ஏறும். கல்லீரல் சேமிப்பிலிருந்து சர்க்கரையை ரத்தத்தில் விடும். ரத்த அழுத்தமும் மெல்ல ஏறும். ‘ராத்திரி ஒண்ணுமே சாப்பிடலை, காலையில ஷுகர் எப்படி ஏறிச்சு?’ என்று சில சர்க்கரை நோயாளிகள் குழம்புவதற்கு இது ஒரு காரணம்.

இந்த நேரத்தில் நடந்தால் என்ன ஆகும்?

* வேலை செய்யும் தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். பயிற்சி முடிந்த பிறகும் பல மணி நேரத்துக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யும்.

* பயிற்சிக்குப் பின் சில மணி நேரம் ரத்த அழுத்தம் சற்றே இறங்கியிருக்கும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் பி.பி.யே கொஞ்சம் குறையும். (மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்!)

* காலை வெளிச்சம் கண்ணில் படுவதால் மூளையில் உள்ள ‘கடிகாரம்’ சரியான நேரத்துக்குத் திருப்பி வைக்கப்படுகிறது. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வேளையோடு வரும்.

‘அப்போ சாயங்காலம் நடந்தா பலனே இல்லையா?’ தாராளமாக உண்டு. சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால், உணவுக்குப் பிந்தைய சர்க்கரை நன்றாகவே கட்டுப்படும். நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள், எழுந்திருக்கும் நேரத்தையே ‘காலை’ என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்று... தூக்கத்தைத் திருடி நடக்காதீர்கள். ராத்திரி பன்னிரண்டு வரை டி.வி.யும் செல்போனும் பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு எழுந்து ஓடுவது உடம்புக்கு உபகாரம் அல்ல. ஐந்தரைக்கு எழ வேண்டுமானால் பத்து, பத்தரைக்குள் விளக்கை அணைத்துவிடுங்கள்.

முதல் பத்து நிமிடம் ஜாக்கிரதை!

மாரடைப்பு, காலை ஆறு மணி முதல் மதியம் வரை உள்ள நேரத்தில் சற்று அதிகமாக வருகிறது என்பதை அமெரிக்க ஆய்வு ஒன்று 1985-லேயே சொன்னது. பயந்து போர்வைக்குள் போய்விடாதீர்கள். தொடர்ந்து நடப்பவருக்கு மொத்தத்தில் ஆபத்து குறைகிறது. படுக்கையிலிருந்து நேராக ஓட்டத்துக்குத் தாவுவதுதான் கூடாது.

எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர். வீட்டுக்குள்ளேயே நாலு தடவை மெதுவாக நடை. தோள், கணுக்கால், கைகளைச் சுழற்றுங்கள். முதல் பத்து நிமிடம் கோயில் பிரகாரம் சுற்றுவது போல நிதானம். அதன் பிறகு வேகம். முடிக்கும்போதும் சட்டென்று நிற்காமல் ஐந்து நிமிடம் மெதுநடை.

முதுகு விஷயமும் இருக்கிறது. இரவில் படுத்திருக்கும்போது முதுகெலும்பின் நடுவில் உள்ள வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். காலையில் நாம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரமாகக்கூட இருப்போம்! அந்தச் சமயம் சட்டென்று குனிந்தால் வட்டின் மேல் அழுத்தம் அதிகம். இடுப்பு வலி உள்ளவர்கள் எழுந்தவுடன் சூரிய நமஸ்காரமோ, குனிந்து பாதம் தொடும் பயிற்சியோ செய்ய வேண்டாம். முதலில் நடை, ஒரு மணி நேரம் கழித்து அவை.

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, குளிர்ந்த வியர்வை... இதில் எது வந்தாலும் ‘கேஸ் டிரபிள்’ என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். நின்றுவிடுங்கள். 108-ஐ அழையுங்கள். ஏற்கெனவே இதயநோய் இருப்பவர்கள், பல வருஷமாக உட்கார்ந்தே பழகிய நடுத்தர வயதுக்காரர்கள் ஆரம்பிக்கும் முன் டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

ஷுகர் இருக்கா? இதைப் படியுங்கள்!

இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக, சென்னை ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றின் தலைமையில் நடந்த தேசிய ஆய்வு 2023-ல் சொன்னது. ஆகவே உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம்.

இன்சுலின் போடுபவர்கள், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட நடை போனால் சர்க்கரை திடீரென இறங்கிவிடலாம். படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, தடுமாற்றம்... நடுரோட்டில் வந்தால்? கிளம்பும் முன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் இரண்டு பிஸ்கட்டோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். 250-க்கு மேல் இருந்து, உடம்பும் சரியில்லை என்றால் அன்றைக்கு விடுமுறை விட்டுவிட்டு டாக்டரிடம் பேசுங்கள்.

பாக்கெட்டில் ஒரு சிறு பொட்டலம் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் எப்போதும் இருக்கட்டும். மயக்கம் வருவது போலிருந்தால் மூன்று டீஸ்பூன் வாயில் போட்டு, உட்கார்ந்துவிடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இன்னொரு தடவை. கூட ஒரு துணை இருந்தால் இன்னும் நல்லது.

பார்க்கில் கூழாங்கல் பதித்த பாதையில் வெறுங்காலோடு நடக்கிறார்களே என்று நீங்களும் இறங்காதீர்கள். கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிக்குக் கல் குத்தியதே தெரியாது. புண் பெரிசான பிறகுதான் தெரியும். ஷூவும் காட்டன் சாக்ஸும் கட்டாயம்.

காதில் விழும் கதைகள்!

‘மார்கழிக் காலையில் ஓசோன் காற்று இறங்கி வருது!’

இல்லவே இல்லை. ஓசோன் படலம் இருப்பது சுமார் 15 கிலோமீட்டருக்கும் மேலே. தரையருகே உண்டாகும் ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல். அதுவும் வெயிலில்தான் உருவாகும். மார்கழி, தை மாதக் காலைகளில் குளிர்ந்த காற்று கீழேயே தங்குவதால் புகையும் சேர்ந்து தங்கும். போகியன்று சென்னைவாசிகள் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த மாதிரி நாளில், குறிப்பாக ஆஸ்துமா உள்ளவர்கள், வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்யட்டும்.

‘இளவெயிலில் வைட்டமின் டி கிடைக்கும்!’

வைட்டமின் டி உருவாக்கும் கதிர்கள் அதிகாலை வெயிலில் மிகக் குறைவு. அவை நன்றாகக் கிடைப்பது பத்து மணிக்கு மேல். காலை வெளிச்சம் தூக்கத்துக்கும் சுறுசுறுப்புக்கும் உதவும். வைட்டமின் டி வேறு கணக்கு.

‘வெறும் வயிற்றில் நடந்தால்தான் தொப்பை கரையும்!’

அந்த அரை மணியில் கொழுப்பு கொஞ்சம் கூடுதலாகச் செலவாவது நிஜம். ஆனால் நாள் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. வேகமாக அரை மணி நடந்தால் செலவாவது ஏறக்குறைய 120 முதல் 150 கலோரி. திரும்பும் வழியில் ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் உள்ளே போனால் கணக்கு நேராகிவிடும்!

அம்மாவுக்கு எப்போ?

காலை நேரம் ‘யாருக்கும் சொந்தமில்லாத நேரம்’ என்று ஆரம்பத்தில் சொன்னோம். அது வீட்டில் உள்ள எல்லோருக்கும் பொருந்துமா? அப்பா ஷூ போட்டுக்கொண்டு கிளம்பும்போது அம்மா எங்கே இருக்கிறார்? வாசலில் கோலம், அடுப்பில் பால், ஒரு பக்கம் இட்லிப் பானை, இன்னொரு பக்கம் மூன்று டிபன் பாக்ஸ்!

‘வீட்டு வேலையே எக்ஸர்சைஸ்தானே?’ என்று கேட்பவர்கள் உண்டு. வீடு பெருக்கி, துடைத்து, மாடிப்படி ஏறி இறங்குவதும் உடல் உழைப்புதான். ஆனால் மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் வந்த பிறகு அந்த உழைப்பு குறைந்து, நின்றுகொண்டே இருப்பதுதான் மிச்சம். மாதவிலக்கு நிற்கும் வயதை ஒட்டி எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும். அதைத் தாங்கிப் பிடிக்க நடையும் தசைப் பயிற்சியும் தேவை. அடுப்பின் முன்னால் நிற்பது அதற்கு ஈடாகாது.

எனவே இது குடும்பமே சேர்ந்து முடிவு செய்ய வேண்டிய விஷயம். காய்கறியை முதல் நாள் ராத்திரியே எல்லோரும் உட்கார்ந்து நறுக்கிவிடலாம். பால் காய்ச்சி, காபி கலப்பதை வீட்டுக்காரர் எடுத்துக்கொள்ளலாம். வாரத்தில் மூன்று நாள் அவர் நடை, மூன்று நாள் இவர் நடை என்று முறை வைக்கலாம். அரை மணி சேர்ந்தாற்போலக் கிடைக்கவில்லையா? காலை பத்து, பிள்ளைகள் போனபின் பத்து, சாயங்காலம் பத்து. குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை, உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் எடுத்தேவிட்டது.

நாலு வாரப் பாடம்

அதே வழிகாட்டுதல் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு: வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான பயிற்சி, இரண்டு நாள் தசைகளுக்கான பயிற்சி.

முதல் வாரம்: தினமும் 10 நிமிடம். வேகம் முக்கியமில்லை. எழுந்து ஷூ போட்டாலே பாஸ்!

இரண்டாம் வாரம்: 15 நிமிடம். கடைசி 5 நிமிடம் மட்டும் வேகம்.

மூன்றாம் வாரம்: 20 முதல் 25 நிமிடம். இரண்டு நாள், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் 10 தடவை எழுந்து உட்காருங்கள். சுவரில் கை வைத்துத் தள்ளும் பயிற்சி 10 தடவை.

நாலாம் வாரம்: 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். 150 வந்துவிட்டது!

வேகத்தை எப்படி அளப்பது? பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும்; பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

ஒரு நாள் தவறினால் பரவாயில்லை. இரண்டு நாள் சேர்ந்தாற்போலத் தவறவிடாதீர்கள். மழை பெய்தால் ஹாலிலேயே நடை.

இன்றைக்கு ராத்திரி படுக்கும் முன் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். அலமாரியில் தூங்கும் ஷூவை எடுத்து வாசல் பக்கம் வையுங்கள். ஒரு ஜோடியா, இரண்டு ஜோடியா என்பதை வீட்டில் கலந்து பேசி முடிவு செய்யுங்கள்!