கவனிக்க நேரமில்லாதவருக்கு ஒரு கணக்கு

கேள்வி: அவசரத்துக்கென்று ஒன்றரை லட்சம் ரூபாய் வைத்திருக்கிறேன். அடிக்கடி கவனிக்க நேரமில்லை. எந்த சேமிப்புக் கணக்கு நல்லது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வட்டியைவிட மினிமம் பேலன்ஸ் விதியை முதலில் கேளுங்கள். அரை சதவீதக் கூடுதல் வட்டிக்கு ஆசைப்பட்டு, அபராதத்தில் அதைத் தொலைத்தவர்களில் நானும் ஒருவன். ஸ்டேட் பேங்க் 2020-லேயே அந்த விதியை எடுத்துவிட்டது. தபால் அலுவலகத்தில் 500 ரூபாய் இருந்தால் போதும், வட்டி 4 சதவீதம். ஒரு நுணுக்கம்: 10-ம் தேதி முடிந்ததிலிருந்து மாதக் கடைசிவரை உள்ள குறைந்தபட்ச இருப்புக்கே அங்கே வட்டி. 15-ம் தேதி போட்ட பணத்துக்கு அந்த மாதம் ஒன்றும் வராது. போட்டுவிட்டு மறக்கிற உங்களுக்கு இது பெரிய குறையல்ல. என் ஓட்டு தபால் அலுவலகத்துக்கே. ஆண்டுக்கு ஒருமுறை நூறு ரூபாயாவது எடுங்கள், தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் எதுவும் போடாமலும் எடுக்காமலும் இருந்தால் கணக்கு தூங்கிவிடும். நாமினி பெயரை இன்றே எழுதிக் கொடுங்கள்.