'த்ரூ'வை அடிக்காதீர்கள்

அன்புள்ள தம்பி,

உங்கள் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய இங்கிலீஷ் கதைகளை ஜெராக்ஸ் எடுத்து, நூல் கோத்து அனுப்பியிருந்தீர்கள். பதினோராம் பக்கம் வரை மளமளவென்று படித்தேன். அங்கே நின்றவன்தான், கோபம் ஆறாமல் இதை எழுதுகிறேன்.

'ரெயின் கம் த்ரூ மை ஹவுஸ்' என்று ஒரு பெண் எழுதியிருக்கிறாள். நீங்கள் அதை அடித்துவிட்டு, மேலே 'தி ரூஃப் லீக்ஸ்' என்று போட்டிருக்கிறீர்கள். ஜெராக்ஸில் கறுப்பாக விழுந்திருந்தாலும் அது சிவப்பு மை என்று எனக்குத் தெரியாதா?

அந்த 'த்ரூ' அவளுக்கு எங்கிருந்து வந்தது? 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்' வாசித்த வாரத்தில் எழுதியவை என்று நீங்களே குறித்திருக்கிறீர்கள். எரிக் கார்ல் 1969-இல் வெளியிட்ட புத்தகம். திங்கட்கிழமை ஓர் ஆப்பிள், செவ்வாய்க்கிழமை இரண்டு பேரிக்காய் என்று புழு துளைத்துக்கொண்டே போகும்; ஒவ்வொரு துளைக்கும் ஒரு 'த்ரூ'. தாளிலும் நிஜ ஓட்டை. காகிதக் கட்டைப் பஞ்ச் செய்துகொண்டிருந்தபோதுதான் அவருக்கு இந்தக் கதையே உதித்தது. அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு, மறுபக்கம் ஆட்டிப் பார்க்காத பிள்ளை உண்டா? அகராதி 'வழியாக' என்று சொல்வதை அவள் விரலால் தெரிந்துகொண்டாள். பிறகு தன் வீட்டு ஓட்டுக்கூரையை அண்ணாந்து பார்த்திருக்கிறாள். பழத்தில் புழு செய்ததைக் கூரையில் மழை செய்கிறது! முப்பத்தொரு வருஷம் பாடம் நடத்தியவன் சொல்கிறேன், இப்படி ஒரு வரிக்காகத்தான் நாம் சாக்பீஸைத் தொடுகிறோம். மற்ற கதைகள் எல்லாம் சுமார்தான். இந்த ஒரு வரிக்காக உங்களுக்கு மாலையே போடலாம். போட வந்தால் கையில் சிவப்புப் பேனாவோடு நிற்கிறீர்கள்.

இன்னொன்று, கடைசிப் பக்கத்தில் உள்ள உங்கள் திட்டம். பன்னிரண்டு வாரம், பன்னிரண்டு புத்தகம். ஒவ்வொன்றுக்கும் முதலில் பத்துச் சொல், பத்துப் பொருள் என்று சார்ட். அப்புறம் ஒரே ஒரு வாசிப்பு. பந்தியில் பாயசம் வருவதற்குள் இலையை எடுக்கிறீர்களே, தம்பி!

1983-இல் நான் சேர்ந்த பள்ளியின் அலமாரியில் இங்கிலீஷ் கதைப்புத்தகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எலும்பைக் கவ்விய நாய் பாலத்தின் மேல் போகுமே, அந்தக் கதை. வேறு வழியில்லாமல் அதையே தினமும் வாசித்தேன். முதல் நாள் பிள்ளைகள் படத்தைப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் என் வாயைப் பார்த்தார்கள். ஆறாம் நாள் அவசரத்தில் ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டேன். "சார், பிரிட்ஜை விட்டுட்டீங்க!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். அதுவரை வகுப்பில் வாயே திறக்காத பையன். மறுவாரம் வாய்க்கால் பாலத்தில் மாடு ஓட்டிக்கொண்டு போனவன், சைக்கிளில் வந்த என்னைப் பார்த்துக் காலால் பாலத்தைத் தட்டி, "பிரிட்ஜ், சார்!" என்றான். ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிக்கவைப்பது பற்றி ஜே சாமுவேல்ஸ் என்ற அமெரிக்கர் 1979-இலேயே எழுதியிருந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரிய வந்தது. அவருக்கு அது முறை; எனக்கு வறுமை.

அதனால் சார்ட்டைச் சுருட்டி வையுங்கள். முதல் நாள் சும்மா வாசியுங்கள். மறுநாள் 'த்ரூ'வுக்கு முன்னால் நிறுத்துங்கள், அவர்கள் சொல்லட்டும். மூன்றாம் நாள் கிழமை உங்களுக்கு, பழம் அவர்களுக்கு. நான்காம் நாள் ஆப்பிளைத் தூக்கிவிட்டுக் கொய்யாவை வையுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை அந்தப் புழு ஐந்து தடவை துளைக்கிறது; நான்கு நாள் வாசித்தால் 'த்ரூ' இருபது தடவைக்குக் குறையாமல் காதில் விழும். எந்தச் சார்ட் இதைச் செய்யும்? ஐந்தாம் நாள் நோட்டைக் கொடுங்கள். புழு வேண்டாம்; அவரவர் வீட்டில் எது எதைத் துளைக்கிறது என்று எழுதட்டும்.

'கம்' என்பதை 'கம்ஸ்' ஆக்கியே தீரவேண்டும் என்றால் பென்சிலால் ஓர் 'எஸ்' போடுங்கள், போதும். 'த்ரூ' அவளுடையது.

அந்தப் பெண்ணின் வீட்டில் ஓடு மாற்றிவிட்டார்களா? கேட்டுச் சொல்லுங்கள். அவளையே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. இங்கிலீஷில்.

அன்புடன்,
ஒரு பழைய வாத்தியார்